உள்ளங்காலில் தொடங்குங்கள்: நம் தோலில் வரும் புற்றுநோயை முதலிலேயே கண்டுபிடிக்க ஒரு முழு வழிகாட்டி

என் பெரியம்மாவின் இடது குதிகாலில் ஒரு கரும்புள்ளி வந்தது. முள் குத்தி உள்ளே நின்றிருக்கும் என்றார்கள். ஊசியால் கிளறிப் பார்த்தார்கள், முள் எதுவும் வரவில்லை. அப்புறம் கால் ஆணி என்று முடிவாயிற்று. மருந்துக்கடையில் கால் ஆணிக்கு ஒட்டும் பிளாஸ்திரி வாங்கி மாதக்கணக்கில் ஒட்டினார். பிறகு ஒரு கிளினிக்கில் அதைச் சீவி எடுத்தார்கள். சீவிய சதையை எந்தப் பரிசோதனைக்கும் அனுப்பவில்லை. புள்ளி திரும்ப வந்தது, இந்தத் தடவை கசிந்துகொண்டே. சரியான டாக்டரிடம் போய்ச் சேர்வதற்குள் 14 மாதம் ஓடிவிட்டது. அதற்குள் தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது. தோல் புற்றுநோயில் ஒரு வகை, மெலனோமா என்றார்கள். அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டோம். மூன்று வருடத்தில் பெரியம்மா போய்விட்டார்.

அந்த 14 மாதமும் அவரைச் சுற்றி அக்கறையுள்ள மனிதர்கள்தான் இருந்தார்கள். தோல் புற்றுநோய் வெள்ளைக்காரர்களுக்கு வருவது என்று எல்லோரும் நம்பியிருந்தோம், அவ்வளவுதான். அந்த நம்பிக்கையில் பாதி உண்மை. மீதிப் பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நம் தோலில் வேறு இடத்தில் வரும்

தோல் புற்றுநோய் என்று தேடினால் வரும் படங்களில் பெரும்பாலானவை வெளுத்த தோலில் எடுத்தவை. முதுகு, தோள், கை, முகம் என்று வெயில் படும் இடங்கள். ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் வெயில்தான் முதல் எதிரி. நம் தோலுக்கு நிறம் தரும் மெலனின் வெயிலின் கதிரை நன்றாகவே தடுத்துவிடுகிறது. அதனால் இந்தியாவில் மெலனோமா வருடத்துக்கு லட்சம் பேரில் ஒருவருக்கும் குறைவாகத்தான் வருகிறது.

ஆனால் மெலனோமாவில் வெயிலுக்குச் சம்பந்தமில்லாத ஒரு வகை இருக்கிறது. அது உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும் வரும். கறுப்பாகவோ மாநிறமாகவோ இருப்பவர்களுக்கு மெலனோமா வந்தால் பெரும்பாலும் இந்த வகைதான். அதிலும் உள்ளங்கால்தான் முதலிடம். நாம் தினமும் கண்ணாடியில் பார்ப்பது முகத்தை. இது வளர்வதோ நாம் திருப்பியே பார்க்காத இடத்தில்.

மெலனோமா தவிர, தோல் புற்றுநோயில் இன்னும் இரண்டு வகை உண்டு. ஸ்குவாமஸ் வகை, நம்மவர்களிடம் பழைய தீக்காயத் தழும்பிலும் வருடக்கணக்கில் ஆறாத புண்ணிலும் தலைகாட்டும். பேசல் வகை பெரும்பாலும் முகத்தில் வரும், மெதுவாக வளரும், மற்ற உறுப்புகளுக்குப் பரவுவது மிக அபூர்வம். மூன்றில் ஆளைக் கொல்வதில் வேகமானது மெலனோமா. ஆரம்பத்திலேயே எடுத்துவிட்டால் மிக நன்றாகக் குணமாகக்கூடியதும் அதே மெலனோமாதான்.

தயாராகுங்கள்

மாதம் ஒரு நாள் போதும். மாதச் சம்பளம் வரும் நாள், அமாவாசை, எது உங்களுக்கு மறக்காதோ அந்த நாள். குளித்து முடித்து, கால் நன்றாகக் காய்ந்த பிறகு, பகல் வெளிச்சம் வரும் ஜன்னல் பக்கம் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். கைக்கண்ணாடி ஒன்று, போன், சின்ன ஸ்கேல் ஒன்று. டியூப்லைட்டில் நிறம் சரியாகத் தெரியாது. நகப்பூச்சு இருந்தால் முதலில் அழித்துவிடுங்கள். மருதாணி வைத்திருந்தால் நகத்திலும் பாதத்திலும் எதுவும் தெரியாது, அது மங்கும் வரை அந்த மாதச் சோதனையைத் தள்ளிப்போடுங்கள். மெட்டியை நகர்த்தி அதன் அடியிலும் பாருங்கள்.

வயதானவர்களால் குனிந்து தன் உள்ளங்காலைப் பார்க்க முடியாது. அவர்கள் காலை நீங்கள் மடியில் தூக்கி வைத்துப் பாருங்கள். கூச்சப்படுவார்கள், பரவாயில்லை.

முதல் படி: உள்ளங்கால்

குதிகால், பாதத்தின் வெளி விளிம்பு, பெருவிரலுக்குக் கீழே உடல் எடை இறங்கும் மேடு, விரல் இடுக்குகள். இந்த வரிசையில் பாருங்கள். பித்தவெடிப்பு இருந்தால் வெடிப்பின் உள்ளேயும் பாருங்கள்.

நம்மில் பலருக்கு உள்ளங்காலில் இயல்பாகவே பழுப்புத் திட்டுகள் இருக்கும். சின்ன வயதிலிருந்து இருப்பது, இரண்டு காலிலும் ஒரே மாதிரி இருப்பது, மாறாமல் இருப்பது என்றால் பெரும்பாலும் பயமில்லை. கவனிக்க வேண்டியது பெரியவரான பிறகு புதிதாக வந்த புள்ளி. ஒரே ஒரு காலில், ஒரே ஒரு இடத்தில், மை சிந்தியதுபோல ஓரம் கலைந்து, ஒரு பக்கம் கறுப்பும் ஒரு பக்கம் பழுப்புமாக இருக்கும் திட்டு.

வெள்ளைத் தோலுக்காக நியூயார்க் மருத்துவர்கள் 1985இல் வகுத்த ஒரு சுலபமான கணக்கு உண்டு. மச்சத்தின் ஒரு பாதி மறுபாதியைப் போல இல்லாதது, ஓரம் கிழிந்தாற்போல இருப்பது, ஒன்றுக்கு மேற்பட்ட நிறம், 6 மில்லிமீட்டருக்கு மேல் அகலம், அதாவது பென்சில் முனையில் உள்ள ரப்பரைவிடப் பெரிது. பின்னால் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: மாறிக்கொண்டே இருப்பது. உள்ளங்காலுக்கும் இந்தக் கணக்கு உதவும். ஆனால் என்னைக் கேட்டால் அந்த ஐந்தாவதுதான் நமக்கு முதலாவது. போன மாதம் இருந்ததுபோல இந்த மாதம் இல்லை என்றால், மற்ற நான்கும் இல்லாவிட்டாலும் டாக்டரிடம் போக அது போதும்.

கால் ஆணிக்கும் இதற்கும் குழப்பம் வருவது இயல்பு. கால் ஆணி செருப்பு அழுத்தும் இடத்தில் வரும், தோல் நிறத்திலோ மஞ்சளாகவோ இருக்கும், அழுத்தினால் வலிக்கும். மரு என்றால் உள்ளே பொடிப்பொடியாகக் கரும்புள்ளிகள் தெரியும். அடிபட்டு ரத்தம் கட்டியிருந்தால் சில வாரத்தில் தோலோடு மேலேறி உதிர்ந்துவிடும். மெலனோமா ஆரம்பத்தில் வலிக்காது. வலியில்லை என்பதால் விட்டுவிடுகிறோம், அங்கேதான் மாதங்கள் போகின்றன.

எல்லா மெலனோமாவும் கறுப்பாக இருக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். சில சமயம் நிறமே இல்லாமல், இளஞ்சிவப்புச் சதை வளர்ந்ததுபோல, தொட்டால் ரத்தம் வரும் கட்டியாக வரும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது பாதத்தில் வந்தால் எல்லோரும் சர்க்கரைப் புண் என்றே நினைப்பார்கள். ஒழுங்காகக் கட்டுப் போட்டு, சர்க்கரையும் கட்டுக்குள் இருந்து, இரண்டு மாதமாகியும் ஆறுவதற்கான அறிகுறியே இல்லை என்றால், கட்டுப் போடுகிறவரிடம் நீங்களே கேளுங்கள்: "இதிலிருந்து கொஞ்சம் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பலாமா?" இந்த இரண்டு மாதக் கணக்கைக் காலில் வரும் எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்ளலாம். என்னவென்று உறுதியாகத் தெரியாத ஒன்று, இரண்டு மாத வைத்தியத்துக்குப் பின்னும் இருந்தால், கைவைத்தியம் அங்கே முடிந்தது. ரத்தம் கசிந்தாலோ வேகமாகப் பெரிதானாலோ அந்த இரண்டு மாதமும் காத்திருக்க வேண்டாம், அந்த வாரமே போங்கள்.

உள்ளங்கையையும் இதே மாதிரி பாருங்கள். அங்கே வருவது குறைவு, கண்ணில் படுவதும் எளிது.

இரண்டாம் படி: இருபது நகங்கள்

ஜமைக்காவின் பாடகர் பாப் மார்லிக்கு 1977இல் கால் பெருவிரல் நகத்தடியில் ஒரு புண் இருந்தது. கால்பந்து ஆடியபோது பட்ட அடி என்று நினைத்தார்கள். மெலனோமா என்று தெரிந்ததும் விரலை எடுத்துவிடச் சொன்னார்கள், தன் மத நம்பிக்கையின் காரணமாக அவர் சம்மதிக்கவில்லை. 1981 மே 11 அன்று மயாமியில் இறந்தபோது அவருக்கு வயது 36. உலகம் முழுவதும் அறிந்த ஒருவரின் உடலில் இது வளர்ந்தது ஒரு நகத்தின் அடியில்.

நகத்தில் நீளவாக்கில் கறுப்பு அல்லது பழுப்புக் கோடு நம்மில் நிறையப் பேருக்கு உண்டு. பல நகங்களில் மெல்லிய கோடுகளாக இருந்தால் அது நம் தோல் நிறத்தின் இயல்பு. பயப்பட வேண்டாம். பார்க்க வேண்டியது இப்படி:

ஒரே ஒரு நகத்தில், பெரியவரான பிறகு புதிதாக வந்த கோடு. கை கட்டைவிரல், கால் பெருவிரல் என்றால் கவனம் இரண்டு மடங்கு. அகலம் 3 மில்லிமீட்டரைத் தாண்டுவது. நகக்கண் பக்கம் அகலமாகவும் நுனிப் பக்கம் ஒடுங்கியும் இருப்பது, அதாவது கோடு அடியில் பெருத்துக்கொண்டே வருகிறது என்று அர்த்தம். நகம் நீளவாக்கில் பிளப்பது, தூக்கிக்கொள்வது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. கறுப்பு நகத்தோடு நிற்காமல் நகத்தைச் சுற்றியுள்ள தோலுக்கும் பரவுவது. இங்கிலாந்தின் ஜொனாதன் ஹட்சின்சன் என்ற மருத்துவர் 19ஆம் நூற்றாண்டிலேயே கவனித்துச் சொன்ன அறிகுறி இது, இன்றைக்கும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. நகக்கண் தோலில் மை ஒழுகினாற்போல் தெரிந்தால் அந்த வாரமே தோல் மருத்துவரிடம் போங்கள்.

கதவு இடுக்கில் நசுங்கி ரத்தம் கட்டியதா, வேறு ஏதாவதா என்று சந்தேகமா? கறுப்பின் நகக்கண் பக்க விளிம்பு நகத்தில் எங்கே இருக்கிறது என்று ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுங்கள். கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும், கால் நகம் அதில் பாதிதான். கட்டிய ரத்தம் நகத்தோடு சேர்ந்து நுனியை நோக்கி நகரும், அதற்குப் பின்னால் சுத்தமான நகம் வரும். நகரவே இல்லை என்றால் அது ரத்தம் அல்ல. அடிபட்டது நன்றாக நினைவிருந்தாலும் சரி, நகர்கிறதா என்று பாருங்கள். பட்ட அடிதான் பலரை ஏமாற்றியிருக்கிறது.

நகச்சுற்று என்று மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கட்டி, ஆன்டிபயாடிக்கும் சாப்பிட்டு, அப்படியும் நகத்தை அழித்துக்கொண்டு சதை வளர்ந்தால் அதுவும் இந்தப் பட்டியலில் சேரும்.

மூன்றாம் படி: பழைய தழும்பும் ஆறாத புண்ணும்

ஸ்டவ் வெடித்தது, கொதிக்கும் சாம்பார் கொட்டியது, சேலையில் தீப்பிடித்தது. நம் வீடுகளில் இப்படித் தீக்காயத் தழும்போடு இருக்கும் பெண்கள் எத்தனை பேர்! அந்தத் தழும்பில் இருபது, முப்பது வருடம் கழித்துப் புற்றுநோய் வரக்கூடும். தழும்பில் உண்டாகும் இத்தகைய புண்களை பிரான்சின் அறுவை மருத்துவர் மார்ஜோலின் 1828இல் விவரித்ததால் இதை மார்ஜோலின் புண் என்கிறார்கள். முழங்காலின் பின்புறம், முழங்கை மடிப்பு என மடங்கி நீளும் இடத்துத் தழும்பு அடிக்கடி வெடித்து ஆறும், மறுபடி வெடிக்கும். ஒட்டுத்தோல் வைக்காமல் தானாக ஆறவிட்ட தழும்புகளில் ஆபத்து கூடுதல்.

எப்போது சந்தேகப்பட வேண்டும்? பல வருடம் அமைதியாக இருந்த தழும்பில் புதிதாகப் புண். மூன்று மாதத்தில் ஆறாமை. புண்ணின் ஓரம் தடித்து, வெளிப்பக்கமாகச் சுருண்டு, நடுவில் காலிஃபிளவர் போலச் சதை. முன்பு இல்லாத நாற்றம், ரத்தக் கசிவு, வலி. நரம்புச் சுருட்டலால் கணுக்காலில் வந்த புண், தொழுநோயால் உணர்விழந்த பாதத்துப் புண், எலும்பில் சீழ் வைத்து வருடக்கணக்கில் ஒழுகும் துவாரம், எல்லாவற்றுக்கும் இதே அறிகுறிகள்தான். பத்து வருடப் புண், இது இப்படித்தான் இருக்கும் என்று பழகிப்போவதுதான் இங்கே பெரிய தடை. புண் பழையதாக இருக்கலாம், அதன் விளிம்பு புதிதாக மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

நான்காம் படி: இடுப்பு

வேட்டியும் சேலையும் கட்டும் ஊர்களுக்கே உரிய ஒன்று இது. பம்பாயில் நோய்க்குறியியல் நிபுணர் வி. ஆர். கானோல்கர் 1945இல், இடுப்பில் இறுக்கி வேட்டி கட்டுபவர்களுக்கு அந்தக் கட்டு உரசும் கோட்டில் வரும் தோல் புற்றுநோயை விவரித்தார். பாவாடை நாடா ஒரே இடத்தில் பல பத்தாண்டுகள் இறுகி உரசுவதால் பெண்களுக்கும் இது வந்திருக்கிறது. மிக அபூர்வம்தான். ஆனாலும் இடுப்பில் நாடா பதியும் இடம் கறுத்துச் சொரசொரப்பாக இருப்பது பல அம்மாக்களுக்குப் பழக்கமான விஷயம். அந்தக் கறுப்பு நோய் அல்ல. அங்கே ஆறாத வெடிப்பு, புண், கட்டி வந்தால்தான் காட்ட வேண்டும். மெல்லிய நாடாவுக்குப் பதில் அகலப் பட்டி வைத்துத் தைத்துக்கொள்ளலாம், இரவில் தளர்த்தலாம்.

ஐந்தாம் படி: முகம், உதடு, உடல்

இங்கே சுருக்கமாகப் போகலாம். ஐம்பது வயதுக்கு மேல் மூக்கு, கண் இமை, கன்னம் ஆகிய இடங்களில் புதிதாக வந்த மினுமினுப்பான கரும்பருவைப் பாருங்கள். ஓரம் மணி கோத்தாற்போல் எழும்பி, நடுவில் குழிந்து, பொருக்கு கட்டி, உதிர்ந்து, ரத்தம் கசிந்து, மறுபடி பொருக்கு கட்டும். இது பேசல் வகை. வெள்ளைத் தோலில் முத்துப்போல இருப்பது நம் தோலில் கறுத்துத் தெரிவதால் மச்சம் என்று ஏமாந்துவிடுவோம்.

உடலில் எங்காவது ஒரே ஒரு சிவந்த, செதில் உதிரும் படை இருந்து, படர்தாமரை க்ரீமுக்கும் அடங்கவில்லை, சொறி மருந்துக்கும் அடங்கவில்லை என்றால், அது ஸ்குவாமஸ் வகையின் ஆரம்பமாக இருக்கலாம். மருந்துக்கடையில் சொல்லி வாங்கும் ஸ்டீராய்டு கலந்த க்ரீம் இதைக் கொஞ்ச நாள் மறைக்கும், குணமாக்காது. கீழுதட்டில் ஆறாத புண்ணும் வெள்ளைத் திட்டும், புகையிலை போடுபவர்கள் என்றால் உடனே காட்ட வேண்டியவை.

பயப்படத் தேவையில்லாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். அத்தைமார்களின் கன்னத்திலும் கழுத்திலும் பொடிப்பொடியாக இருக்கும் கறுப்பு மருக்கள், கழுத்துப் பாலுண்ணி, கன்னத்து மங்கு, தேமல், வெண்புள்ளி. இவை எதுவும் புற்றுநோய் அல்ல.

கூடுதல் கவனம் வேண்டியவர்களும் உண்டு. சிறுநீரக மாற்று செய்து எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள், பிறவியிலேயே நிறமி இல்லாதவர்கள். அப்புறம், கொஞ்சம் வெயில் பட்டாலே கொப்புளித்து, இரண்டு வயதுக்குள் முகமெல்லாம் கரும்புள்ளி வரும் குழந்தைகள். சொந்தத்தில் திருமணம் செய்த குடும்பங்களில் அதிகம் காணப்படும் பரம்பரைக் கோளாறு அது. அந்தக் குழந்தைகளுக்கு வெயிலே விஷம், உடனே தோல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

ஆறாம் படி: பார்த்ததைப் பதிவு செய்வது

சந்தேகமாக ஏதாவது பட்டால் ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து, பகல் வெளிச்சத்தில் இரண்டு போட்டோ: கிட்டத்தில் ஒன்று, உடலில் எந்த இடம் என்று தெரிகிற மாதிரி எட்டத்தில் ஒன்று. தேதி போனிலேயே இருக்கும். அந்த போட்டோவைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுக் கருத்துக் கேட்காதீர்கள். பத்துப் பேர் பத்து வைத்தியம் சொல்வார்கள், அத்தனையையும் செய்து முடிக்க ஆறு மாதம் ஆகும். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

சுண்ணாம்பும் சோப்பும் குழைத்து வைத்து எரிப்பது, குதிரை முடி கட்டுவது, எருக்கம்பால் தடவுவது, பார்லரில் சுட்டு எடுப்பது, எதுவும் வேண்டாம். சாதாரண மரு என்று உறுதியானதற்கே இவை புண்ணை உண்டாக்கும். மெலனோமாவாக இருந்தால் மேலே கருகிப்போகும், வேர் உள்ளே வளரும், சோதிக்கச் சதையும் மிஞ்சாது.

ஏழாம் படி: டாக்டரிடம்

தோல் மருத்துவரிடம் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு உண்டு. செருப்பையும் சாக்ஸையும் கழற்றிக் காட்டுங்கள், அவர் கேட்காவிட்டாலும். எப்போது முதலில் பார்த்தீர்கள், எப்படி மாறியது, என்ன போட்டீர்கள், இந்த மூன்றும் ஒரு தாளில் இருக்கட்டும்.

டெர்மாஸ்கோப் என்ற சிறிய உருப்பெருக்கிக் கருவியால் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். உள்ளங்கால் தோலில் கைரேகைபோல வரப்பும் பள்ளமுமாகக் கோடுகள் இருக்கின்றன. சாதாரண மச்சத்தின் நிறம் பெரும்பாலும் பள்ளத்தில் ஓடும், ஆரம்ப மெலனோமாவின் நிறம் வரப்பின் மேல் ஓடும். ஜப்பானிய மருத்துவர்கள் கண்டு சொன்ன இந்த வித்தியாசம் வெறும் கண்ணுக்குத் தெரியாது, கருவியில் தெரியும்.

சந்தேகம் தீராவிட்டால் பயாப்சி, அதாவது சதை எடுத்துச் சோதிப்பது. கத்தி பட்டால் பரவிவிடும் என்ற பயம் நம் ஊரில் ஆழமாக இருக்கிறது. அது உண்மை அல்ல. பயாப்சி எடுத்ததால் மெலனோமா பரவுவதில்லை, எடுக்காமல் விட்ட மாதங்களில்தான் பரவுகிறது. சின்னப் புள்ளி என்றால் முழுவதுமாகவே எடுத்து அனுப்புவார்கள். பழைய புண் என்றால் விளிம்பில் இரண்டு மூன்று இடத்தில் எடுக்க வேண்டும். உடலிலிருந்து எதை வெட்டினாலும், சீவினாலும், "இதை லேபுக்கு அனுப்புகிறீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். பெரியம்மாவுக்காக அன்றைக்கு நாங்கள் யாரும் கேட்காத கேள்வி இது.

கொஞ்ச நாள் கவனிக்கலாம் என்று டாக்டர் சொன்னால், எத்தனை நாள் என்று கேட்டுத் தேதி வாங்கிக்கொண்டு எழுந்திருங்கள்.

மெலனோமா என்று அறிக்கை வந்தால் அதில் ப்ரெஸ்லோ என்று ஒரு அளவு மில்லிமீட்டரில் இருக்கும். தோலின் மேற்பரப்பிலிருந்து எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பது அது. அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர் அலெக்சாண்டர் ப்ரெஸ்லோ 1970இல் கொண்டுவந்த அளவு. 1 மில்லிமீட்டருக்குள் என்றால் சுற்றிலும் கொஞ்சம் நல்ல தோலோடு சேர்த்து எடுத்துவிட்டு, பெரும்பாலானவர்கள் முழுமையாகக் குணமாகிறார்கள். ஆழம் கூடினால் காலுக்குத் தொடை இடுக்கு நெறியையும் கைக்கு அக்குள் நெறியையும் சோதிப்பார்கள்.

தமிழ்நாட்டில் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசுப் புற்றுநோய் மருத்துவமனையும், இலங்கையில் மகரகம, தெல்லிப்பழை புற்றுநோய் மருத்துவமனைகளும் இதற்கான இடங்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் முதல் நாளே கையோடு கொண்டுபோங்கள். அறிக்கையின் நகலோடு, லேபில் உள்ள சதைத் துண்டு பதித்த மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய மருத்துவமனைக்கு மாறும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.